அறிவியல்மீது நம்பிக்கை: மருந்து யாருக்குத் தேவை?

"மனித மனத்துக்கு இயல்பாகவே பல சாய்வுகள் இருக்கின்றன. போதாக்குறைக்குப் பொய்த்தகவல்களும் பெருகிக் கிடக்கின்றன. இந்த நிலையில் பொதுமக்கள் அறிவியலை நம்பும்படி செய்வது எப்படி?" என்பது கேள்வி.

பதிலுக்குப் போவதற்கு முன் கேள்வியையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சாய்வுகள் பொதுமக்களுக்கு இருப்பவை, அறிவியலாளர்களுக்கு இல்லாதவை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டால் வேலை சுலபமாகத் தெரியும்: அறிந்தவர் சொல்ல வேண்டும், அறியாதவர் கேட்க வேண்டும், கேட்காதவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இந்த வழியில் பல பத்தாண்டுகள் முயன்று பார்த்தாகிவிட்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால் என் பதிலை ஆய்வகத்துக்கு உள்ளேயிருந்து தொடங்குகிறேன்.

1903ஆம் ஆண்டு பிரான்சின் நான்சி நகரில் ரெனே புளோன்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் புதிய கதிர்வீச்சு ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஊர்ப்பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு 'என்-கதிர்' என்று பெயரிட்டார். இருட்டறையில் மங்கலான ஓர் ஒளி சற்றே பிரகாசமடைவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் சோதனை. வேறு பல ஆய்வாளர்களும் அதைப் பார்த்ததாக எழுதினார்கள், கட்டுரைகள் குவிந்தன. ஆனால் மற்ற நாடுகளில் எவ்வளவு முயன்றும் பலருக்கு எதுவும் தென்படவில்லை. 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அந்த ஆய்வகத்துக்கே நேரில் சென்றார். இருட்டைப் பயன்படுத்திக்கொண்டு, கதிர்களைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தைக் கருவியிலிருந்து ஓசைப்படாமல் எடுத்துவிட்டார். பட்டகம் இல்லாத கருவியை வைத்தும் அளவீடுகள் முன்பு போலவே வந்துகொண்டிருந்தன.

புளோன்லோ ஏமாற்றுக்காரர் இல்லை. கதிரைக் காண்பதாக அவர் மனதார நம்பினார். காண விரும்பியதைக் கண்கள் காட்டின, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சறுக்கல்கள் திரும்பத் திரும்ப நடந்ததால்தான் அறிவியல் தனக்குத்தானே கடிவாளங்களைப் போட்டுக்கொண்டது. எந்த நோயாளிக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது மருத்துவருக்கும் தெரியாமல் சோதிப்பது, எதை எப்படி அளக்கப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பதிந்துவைப்பது, தொடர்பே இல்லாத இன்னொரு குழு அதே சோதனையைச் செய்து பார்ப்பது, கட்டுரையை வெளியிடும் முன் அதே துறையினர் குறை தேடுவது எல்லாம் அந்த வகைதான். அறிவியலைச் சாய்வற்ற மேதைகளின் சபையாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையாகத் தோன்றாது. சாய்வுள்ளவர்கள் ஒருவர் தவற்றை இன்னொருவர் பிடித்துக்கொடுக்கச் செய்துகொண்ட ஏற்பாடு என்று பார்த்தால்தான் ஒவ்வொன்றும் எதற்கு என்று விளங்கும்.

பொதுமக்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. 'நிபுணர் சொல்கிறார், நம்புங்கள்' என்பது பலவீனமான வாதம்; எதிர்த்தரப்பும் ஒரு நிபுணரைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். 'இந்த முடிவைப் பொய்யாக்க இத்தனை பேர் இத்தனை வழிகளில் முயன்றார்கள், முடியவில்லை' என்பது வேறு தரமான வாதம். பள்ளிப் பாடங்களிலோ செய்திகளிலோ இது அபூர்வமாகத்தான் வருகிறது. முடிவுகளை மட்டும் மனப்பாடமாகக் கொடுத்துவிட்டு, அவை எப்படி வடிகட்டப்பட்டன என்பதை விட்டுவிடுகிறோம்.

இனி அந்தச் சாய்வுகளைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் தாய் என்று ஒன்றைச் சொல்லலாம்: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பது. 1960இல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை அழகாக ஒரு சோதனைக்குள் கொண்டுவந்தார். 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது. வேறு மூன்று எண்களைச் சொல்லிக் கேட்கலாம், அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று மட்டும் பதில் கிடைக்கும். உறுதியானதும் விதியைச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் 'இரண்டிரண்டாகக் கூடுகிறது' என்று மனதில் வைத்துக்கொண்டு 8, 10, 12 என்று கேட்பார்கள். பொருந்தும் என்று பதில் வரும். 20, 22, 24? அதுவும் பொருந்தும். மகிழ்ச்சியோடு விதியை அறிவிப்பார்கள். தவறு என்று பதில் வரும். உண்மையான விதி ஏறுவரிசையில் ஏதேனும் மூன்று எண்கள் என்பது மட்டுமே. 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தங்கள் எண்ணம் உடைந்திருக்கும். அந்த ஆய்வில் கலந்துகொண்ட 29 பேரில் 6 பேர் மட்டுமே ஒரு தவறான அறிவிப்பும் செய்யாமல் சரியான விதிக்கு வந்தார்கள்.

இந்தச் சோதனையில் அரசியல் இல்லை, மதம் இல்லை, பணம் இல்லை. வெறும் எண்கள். அங்கேயே மனம் தன் ஊகத்துக்குச் சாதகமான சான்றை மட்டும் தேடுகிறது என்றால், உயிரும் குடும்பமும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒன்றையடுத்து இன்னொன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப்போடுகிறது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ஜெர்மன் தட்டம்மை மூன்றுக்குமான தடுப்பூசியின் முதல் தவணை பல நாடுகளில் குழந்தைக்கு ஒரு வயது கடந்ததும் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான். கோடிக்கணக்கான குழந்தைகளில் சிலருக்கு இரண்டும் அடுத்தடுத்த வாரங்களில் வந்தே தீரும். அந்தத் தாயோ தந்தையோ பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். 'நீங்கள் அறியாமையில் இருக்கிறீர்கள்' என்று அவர்களிடம் சொல்வது கொடுமை மட்டுமல்ல, பயனற்றதும்கூட.

அந்த அச்சத்துக்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுத்தது 1998இல் லான்செட் இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை. மொத்தம் 12 குழந்தைகளைப் பற்றியது அது. பத்திரிகையாளர் பிரையன் டீர் தோண்டத் தொடங்கிய பிறகு தரவுகளின் முறைகேடுகளும், மறைக்கப்பட்ட பண நலன்களும் வெளிவந்தன. இதழ் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்புக் கூடவில்லை என்று காட்டியது. 12 பேருக்கு எதிராக ஆறரை லட்சம் பேர். ஆனாலும் முந்தையதைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம், பிந்தையதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. பழியை மக்கள்மீது போடுவதற்கு முன் நடுவில் உள்ள 12 ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தனை காலம் அந்தக் கட்டுரை உலகின் முன்னணி மருத்துவ இதழொன்றின் பெயரோடு நின்றுகொண்டிருந்தது.

திரும்பத் திரும்பக் கேட்டது உண்மையாகத் தோன்றுவது மூன்றாவது. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டோப்பினோ என்ற மூவர் இதைச் சோதனையில் காட்டினார்கள்: ஒரே வாக்கியத்தைச் சில வாரங்கள் இடைவெளிவிட்டு மறுபடி காட்டினால், அது மெய்யோ பொய்யோ, உண்மையென்று மதிப்பிடப்படும் அளவு கூடுகிறது. ஒரு பொய்யை மறுக்கிறேன் பேர்வழி என்று அதையே தலைப்பில் கொட்டை எழுத்தில் போடும் செய்தியாளர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

'அப்படியானால் கல்வியறிவு கூடினால் சரியாகிவிடும்' என்று தோன்றலாம். இங்கேதான் சங்கடமான ஒரு முடிவு குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் டான் கஹானும் சக ஆய்வாளர்களும் மக்களிடம் ஓர் எண் அட்டவணையைக் கொடுத்தார்கள். சிலருக்கு அது தோல் களிம்பு ஒன்று பலனளிக்கிறதா என்பது பற்றிய தரவு. வேறு சிலருக்கு அதே எண்கள் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் குற்றத்தைக் குறைக்கிறதா என்பது பற்றிய தரவு. களிம்பு என்று சொன்னபோது கணக்கில் வல்லவர்கள் சரியான விடைக்கு வந்தார்கள். துப்பாக்கி என்றதும் அதே வல்லமை கட்சி வாரியாகப் பிரிந்தது: விடை தங்கள் அணிக்குச் சாதகமாக இருந்தால் கணக்கு சரியாக வந்தது, பாதகமாக இருந்தால் வழுக்கியது. கணக்கில் கெட்டிக்காரர்களிடம்தான் இந்தப் பிளவு அதிகமாக இருந்தது. கூர்மையான அறிவு, தான் ஏற்கெனவே நிற்கும் பக்கத்துக்கு வாதாடும் வக்கீலாக மாறிவிடுகிறது.

ஆகவே 'தகவல் பற்றாக்குறைதான் நோய், தகவல்தான் மருந்து' என்ற கொள்கை உடைந்துபோனது. பிரிட்டனில் 1985இல் ராயல் சொசைட்டியின் அறிக்கை பொதுமக்களின் அறிவியல் புரிதலைக் கூட்டுவதில் நம்பிக்கை வைத்தது. 2000இல் பிரபுக்கள் சபைக் குழுவின் அறிக்கை, மக்களுடன் உரையாட வேண்டும் என்று பேச்சை மாற்றியது. உரையாடல் என்ற சொல் அதற்குப் பிறகு எல்லா நிறுவனங்களின் ஆவணங்களிலும் நுழைந்துவிட்டது. நடைமுறையில் பல இடங்களில் அது மேடையிலிருந்து பேசிவிட்டுக் கடைசியில் இரண்டு கேள்விகளுக்கு இடம் கொடுப்பதாகவே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இன்னொரு பொதுநம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். 'மக்களுக்கு அறிவியல்மீதே நம்பிக்கை போய்விட்டது' என்று அடிக்கடி கேட்கிறோம். 68 நாடுகளில் ஏறத்தாழ 72,000 பேரிடம் நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், அறிவியலாளர்கள்மீதான நம்பிக்கையின் சராசரி 5க்கு 3.62 என்று வந்தது. ஒட்டுமொத்தமாகக் குறைந்த நம்பிக்கை கொண்ட நாடு என்று எதுவும் அதில் இல்லை. புற்றுநோய் மருத்துவரையும் பாலம் கட்டும் பொறியாளரையும் நம்புகிறவர்தான் தடுப்பூசி என்றதும் முகம் சுளிக்கிறார். அவர் மறுப்பது அறிவியல் முழுவதையும் அல்ல, அதில் ஒரு துண்டை மட்டும். அந்தத் துண்டு அவருடைய எந்த அச்சத்தையோ அடையாளத்தையோ பணத்தையோ தொடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

நம்பிக்கையைப் பொத்தாம்பொதுவாகக் கூட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. 2021இல் தாமஸ் ஓ'பிரையனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகளில், அறிவியலை அதிகம் நம்புவோர் அறிவியல் வேடம் போட்ட பொய்களை எளிதாக நம்பினார்கள்; பல்கலைக்கழகம், ஆய்வு என்ற சொற்கள் சேர்ந்தால் போதுமாக இருந்தது. சான்றைத் தாங்களே எடைபோடும்படி நினைவூட்டப்பட்டவர்கள் குறைவாக ஏமாந்தார்கள். தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதையொட்டியே: நம்பிக்கையின் அளவைக் கூட்டுவதை இலக்காக வைக்கக்கூடாது, நம்பத் தகுந்தவர்களை நம்பவும் தகாதவர்களை நம்பாமல் இருக்கவும் மக்களால் முடிய வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் பொறுப்பின் பெரும்பகுதி மக்களிடமிருந்து நழுவி, பேசுகிறவர் பக்கம் வந்துவிடுகிறது. நம்பத் தகுந்தவராக நடந்துகொள்வது அவர் வேலை.

அந்த வேலையில் அறிவியல் நிறுவனங்கள் தவறிய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்காமலும் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுப் பொதுச் சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் மருத்துவ ஆய்வு என்றால் தயங்குவதை மனச்சாய்வு என்ற பட்டியலில் சேர்ப்பது நியாயமா? அனுபவத்திலிருந்து கற்ற பாடம் அது.

இதைவிடச் சிறிய, ஆனால் எனக்கு அதிகம் சொல்லித்தந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாத மழை கதிரியக்க சீசியத்தை இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் இறக்கியது. ஜூன் மாதம் அங்கே ஆடுகளை விற்பதற்கும் வெட்டுவதற்கும் தடை வந்தது. மூன்று வாரங்களில் சரியாகிவிடும் என்று அதிகாரிகளும் அறிவியலாளர்களும் உறுதியாகச் சொன்னார்கள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குப் போகாமல் நின்றுவிடும் என்ற அறிவின்மேல் நின்ற கணிப்பு அது. ஆனால் அந்த மலைகளில் இருப்பது செடிகொடிகள் மக்கி உருவான, அமிலத்தன்மையுள்ள கரிமண். அங்கே சீசியம் மண்ணில் அடங்காமல் புல்லுக்கு ஏறியது. புல்லிலிருந்து ஆட்டுக்கு வந்தது. மூன்று வாரம் மாதங்களாகி, ஆண்டுகளாகி, கடைசித் தடைகள் நீங்கியது 2012இல்.

சமூகவியலாளர் பிரையன் வின் அந்த மேய்ப்பர்களோடு நீண்ட காலம் பேசிப் பதிவுசெய்திருக்கிறார். கணிப்பு பொய்த்ததைவிட, கணிப்பு சொல்லப்பட்ட தொனிதான் அவர்களை அதிகம் காயப்படுத்தியது. அருகிலேயே ஓர் அணுசக்தி நிலையம் இருந்தது. 1957இல் அங்கே தீப்பிடித்த வரலாறும் அவர்களுக்குத் தெரியும். 'இந்தக் கதிரியக்கத்தில் எவ்வளவு பக்கத்திலிருந்து வந்தது?' என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை. சீசியத்தைப் பிடித்துவைக்குமா என்று பார்க்க ஒரு கனிமத்தை நிலத்தில் தூவி, வேலியிட்ட பாத்திகளில் ஆடுகளை விட்டுச் சோதிக்க வந்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்துவைத்தால் தேறாது என்று மேய்ப்பர்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு சோதனை கைவிடப்பட்டது. மண்ணையும் ஆட்டையும் பற்றி அதிகம் அறிந்தவர்கள் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டிருந்தால் அறிவியலும் மேம்பட்டிருக்கும், நம்பிக்கையும் பிழைத்திருக்கும்.

பொய்யே இல்லாமல், சரியான எண்ணைத் தவறாகச் சொல்லியும் சேதம் விளைவிக்க முடியும். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு ஆபத்தை இரு மடங்காக்குகின்றன. உண்மைதான். முந்தைய மாத்திரைகளில் 7,000 பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இருந்த ஆபத்து இவற்றில் இருவருக்கு என்றானது. 'இரு மடங்கு' என்ற சொல் தலைப்புகளில் ஏறியதும் ஏராளமான பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்சிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின. இதில் கொடுமை என்னவென்றால், கர்ப்பமே அந்த மாத்திரையைவிட இரத்தக்கட்டு ஆபத்து அதிகமுள்ளது. மருத்துவச் செய்தியில் சதவீதத்தைப் பார்த்தவுடன் 'எத்தனை பேரில் எத்தனை பேர்?' என்று கேட்கும் பழக்கம் ஒன்றை மட்டும் பள்ளியில் ஏற்றிவிட முடிந்தால், பாதி பீதிகள் தோன்றும்போதே அடங்கிவிடும்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது இன்னொரு தவறு. 2020இன் தொடக்கத்தில் பல நாடுகளின் சுகாதார அதிகாரிகள் பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். சான்று போதவில்லை என்பது ஒரு காரணம். மருத்துவப் பணியாளர்களுக்குக் கவசம் போதாமல் போய்விடும் என்ற கவலை இன்னொன்று. ஜூன் மாதத்துக்குள் உலக சுகாதார நிறுவனமே ஆலோசனையை மாற்றியது. சான்று மாறினால் ஆலோசனை மாறுவது அறிவியலின் இயல்பு; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'பலன் உண்டா என்று இன்னும் தெரியவில்லை, இருக்கும் கவசங்கள் செவிலியர்களுக்கு முதலில் வேண்டும்' என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால், மாற்றம் பல்டியாகத் தெரிந்திருக்காது. 'சான்று இல்லை' என்பதும் 'பலன் இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது' என்பதும் வேறுவேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

நிச்சயமின்மையை ஒப்புக்கொண்டால் மக்கள் நம்ப மாட்டார்கள் என்ற பயம் அதிகாரிகளிடம் ஆழமாக இருக்கிறது. 2020இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஓர் எண்ணோடு அதன் ஏற்ற இறக்க வரம்பையும் எண்ணாகவே சொன்னபோது நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைந்தது. 'கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று மழுப்பலாகச் சொன்னபோதுதான் சரிவு அதிகம். அறியாமையைத் துல்லியமாகச் சொல்ல முடியும் என்பதே பலருக்குப் புதிய செய்தி.

செர்னோபில் முதல் முகக்கவசம் வரை சொன்னவை நேர்மையான தவறுகள். திட்டமிட்டுச் செய்வது தனிக் கதை. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1953 டிசம்பரில் அமெரிக்கப் புகையிலை நிறுவனத் தலைவர்கள் நியூயார்க்கில் ஓர் ஓட்டலில் கூடினார்கள். 1954 ஜனவரி 4 அன்று நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் அறிவியலை அவர்கள் தாக்கவில்லை. கேள்வி இன்னும் தீரவில்லை, மேலும் ஆய்வு வேண்டும், அதற்குப் பணமும் தருகிறோம் என்றார்கள். 1969இல் எழுதப்பட்ட ஒரு நிறுவனத்தின் உள்குறிப்பு, சந்தேகம்தான் தங்கள் சரக்கு என்று வெளிப்படையாகவே சொன்னது. பொய்த்தகவல் வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை வேறில்லை என்று நினைக்கிறேன். சந்தேகப்படுவது அறிவியலின் நற்குணம். அதையே எடுத்து அதன் கழுத்தில் மாட்டினார்கள். புவி வெப்பமாதல் விவாதத்திலும் பின்னாளில் இதே உத்தி வந்தது.

அப்படியானால் உண்மையான சந்தேகத்தையும் விலைக்கு வாங்கிய சந்தேகத்தையும் எப்படிப் பிரிப்பது? ஒரு கேள்வி பெரும்பாலும் உதவும்: 'எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் மனம் மாறும்?' ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது இயற்பியலின் அடிப்படை. 2011இல் ஓபெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழுவினர், நியூட்ரினோ எனும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அளந்தார்கள். அதை வெற்றியாகக் கொண்டாடாமல், எங்கே தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை, தேடித்தாருங்கள் என்று உலக இயற்பியலாளர்களிடம் வைத்தார்கள். அடுத்த ஆண்டு சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழைக் கேபிள் ஒன்று அகப்பட்டது. புகையிலை நிறுவனங்கள் இப்படி ஒருமுறைகூடத் தங்கள் தவற்றைத் தேடித்தரும்படி யாரையும் கேட்டதில்லை. 2015இல் உளவியல் துறையின் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, அவற்றில் 36 சதவீதத்தில் மட்டுமே புள்ளியியல்படி தெளிவான முடிவு மறுபடியும் கிடைத்தது என்று அறிவித்தவர்களும் பெரும்பாலும் உளவியலாளர்களே. இந்தச் செய்திகளை மறைக்க வேண்டும் என்று சில அறிவியல் ஆர்வலர்கள் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. முதலில் சொல்லிவிட வேண்டியவை இவை.

சரி, நடைமுறையில் எது வேலை செய்கிறது? பொய் வந்து சேர்வதற்கு முன்பே அதன் உத்தியைக் காட்டிவிடுவது ஓரளவு பலன் தருகிறது. 1960களில் வில்லியம் மெக்கையர் தொடங்கிவைத்த எண்ணம் இது: வீரியம் குறைந்த கிருமியைக் கொடுத்து உடலைத் தயார்செய்வதுபோல், பலவீனமாக்கிய பொய்யைக் காட்டி மனத்தைத் தயார்செய்வது. கேம்பிரிட்ஜில் இதை விளையாட்டுகளாகவும் சிறு காணொளிகளாகவும் செய்திருக்கிறார்கள். விளையாடுபவரே பொய்ச்செய்தி தயாரிப்பாளராகி, கோபத்தைத் தூண்டுவது எப்படி, போலி நிபுணரை நிறுத்துவது எப்படி என்று பழகுகிறார். பிறகு வெளியே அதே தந்திரத்தைக் கண்டால் அடையாளம் தெரிகிறது. பலன் நாளாக நாளாக மங்குகிறது, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

பகிர்வதற்கு முன் 'இது உண்மையா?' என்று ஒரு கணம் யோசிக்க வைப்பதும் உதவுகிறது, ஆனால் அளவு சிறியது. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு ட்விட்டரில் ஏறத்தாழ 1,26,000 செய்திச் சங்கிலிகளை ஆராய்ந்தது. பொய் வேகமாகப் பரவியதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம் என்று கண்டது. பொய்க்குப் புதுமை இருக்கிறது. உண்மைக்குப் பெரும்பாலும் அது இல்லை. கை தானாகப் பகிர்ந்துவிடுகிறது, மூளை பிறகுதான் வருகிறது.

பரவிய பிறகு மறுப்பது வீண், மறுத்தால் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று ஒரு கருத்து உண்டு. 2010இல் நைஹானும் ரைஃப்ளரும் வெளியிட்ட ஆய்விலிருந்து அது பிரபலமானது. பிறகு வுட், போர்ட்டர் என்ற இருவர் 52 விஷயங்களில், 10,000க்கும் அதிகமானோரிடம் அதைத் தேடிப் பார்த்தார்கள். அந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்குமே தென்படவில்லை. திருத்தம் பொதுவாக வேலை செய்கிறது. முழுதாக அல்ல, ஓரளவுக்கு. எப்படி மறுக்கிறோம் என்பது முக்கியம். உண்மையை முதலில் சொல்ல வேண்டும். பொய்யை ஒருமுறை, எச்சரிக்கையோடு குறிப்பிட வேண்டும். அது எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் வேறு விளக்கம் ஒன்றை வைக்க வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 'தடுப்பூசி காரணமில்லை' என்று மட்டும் சொன்னால் பெற்றோரின் மனதில் 'பிறகு ஏன்?' என்ற பள்ளம் அப்படியே கிடக்கும். ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது, மூளை வளர்ச்சியில் அதன் தொடக்கம் பிறப்புக்கு முன்பே இருக்கிறது என்று சொன்னால் பள்ளம் கொஞ்சமாவது நிரம்பும்.

தயங்குகிற ஒருவரிடம் நேரில் பேசும்போது வாதத்தை ஒத்திவைப்பது நல்லது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரசவ வார்டுகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் புதிதாய்ப் பெற்றவரிடம் முதலில் கேட்கிறார்: என்ன தெரியும், எது கவலை தருகிறது? பிறகு 'இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?' என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்கிறார். முடிவு பெற்றோருடையது. அப்படிப் பேசியவர்களின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படும் விகிதம் கூடியது. இதுவரை சொன்ன வழிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான். ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்று நேரம் கொடுக்க வேண்டும். எந்தச் சுகாதாரத் துறையின் கணக்கிலும் நேரம் தாராளமாக இருப்பதில்லை.

பொதுவெளியில் வீம்புக்கு வாதிடுபவரிடம் கணக்கு வேறு. அவர் மாற மாட்டார், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மாறலாம். பதில் சொல்லாமல் விடுவதே மரியாதை என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். 2019இல் பிலிப் ஷ்மிட், கொர்னீலியா பெட்ஷ் இருவரும் இதைச் சோதித்தார்கள். அறிவியலை மறுப்பவரின் பேச்சுக்குப் பதில் இல்லாமல் போனபோதுதான் கேட்டவர்கள்மேல் தாக்கம் மிக மோசமாக இருந்தது. உண்மைத் தகவலைக் கொண்டு பதில் சொன்னாலும் தாக்கம் குறைந்தது. அவர் பயன்படுத்தும் உத்தியை மட்டும் சுட்டிக்காட்டினாலும் குறைந்தது. இரண்டையும் சேர்ப்பதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. உத்திகளோ கொஞ்சம்தான்: போலி நிபுணர், சாதகமானதை மட்டும் பொறுக்கியெடுத்தல், தர்க்கப் பிழை, நூறு சதவீதப் பாதுகாப்பு போன்ற நடக்காத எதிர்பார்ப்பு, சதிக்கதை. ஆகவே வைரஸ் பற்றி ஆழமாகத் தெரியாதவர்கூட 'ஆயிரம் ஆய்வுகளில் இந்த ஒன்றை மட்டும் ஏன் எடுத்தீர்கள்?' என்று கேட்கலாம். அதைக் கேட்பதற்கு ஆய்வுப் பட்டம் தேவையில்லை.